எனக்கு விழுந்த மாலை

புற்றுநோயை வென்று மீண்டவர் என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு மேடையில் மாலை போட்டார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பாதிப் பேர் கீழே நின்று கை தட்டினார்கள். எனக்குப் புற்றுநோய் வந்ததே இல்லை. வந்தது என் மனைவிக்கு. அவளும் கீழே கூட்டத்தில் நின்று எனக்காகக் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த நிலைமைக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லாம் நானே பார்த்துப் பார்த்துச் செய்ததுதான்.

நான் தொழிற்பேட்டையில் ஒரு குழாய் இணைப்புத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். வார்த்து வரும் இரும்பு இணைப்புகளைக் கையில் எடுத்து, விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. இருபத்தைந்து வருடமாக விரிசலையே தேடிக்கொண்டிருப்பவன் வீட்டுக்கு வந்த பிறகும் அதையேதான் செய்வான். கேஸ் சிலிண்டரை மூடியாச்சா என்று மூன்று முறை பார்ப்பேன். சென்னையில் வேலை பார்க்கும் மகள் மாலையில் ஏறும் மின்சார ரயில் எண்ணூரைத் தாண்டிவிட்டதா என்று கேட்பேன். "எண்ணூர் தாண்டிட்டேன் நைனா, மீஞ்சூர் தாண்டிட்டேன் நைனா, ரயில் இன்னும் தண்டவாளத்துலதான் போய்க்கினு இருக்குது நைனா" என்று அவள் வரிசையாகச் செய்தி அனுப்புவாள். கேலி என்று தெரியும். ஆனாலும் ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் மூச்சு விடுவேன்.

இப்படி ஊரில் உள்ள எல்லா ஆபத்துகளுக்கும் முன்கூட்டியே பயந்து வைத்திருந்த நான், என் மனைவி குளித்துவிட்டு வந்து, "ஏங்க, இடது பக்கம் கட்டி மாதிரி ஏதோ தட்டுப்படுதுங்க" என்று சொன்ன அன்று ஒன்றுக்கும் உதவாமல் போனேன். சென்னையில் பரிசோதனை முடிவை மருத்துவர் சொன்னபோது அவள் கேள்வி கேட்டாள். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் செவிலியர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது எனக்கு.

திரும்பி வரும் ரயிலிலேயே முடிவு செய்துவிட்டேன். எங்கள் மூவரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. மகளுக்கு அப்போது ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. நிலம் நீச்சு உள்ள குடும்பம். பையனுக்கு நல்ல வேலை. இரண்டு பக்கமும் பிடித்துப்போய், பையனின் தங்கை படிப்பு முடிந்ததும் தேதி குறிப்பதாகப் பேச்சு. தாய்க்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தால் பெண்ணுக்கும் வருமே என்று பின்வாங்கிவிடுவார்கள் என்று பயந்தேன். போதாக்குறைக்கு, பையனின் தாய்மாமன் எங்கள் தொழிற்பேட்டையிலேயே வேறொரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். காலையில் கவரைப்பேட்டையில் நான் நிற்கும் அதே பேருந்து நிறுத்தத்தில்தான் அவரும் நிற்பார்.

"பொண்ணு கல்யாணம் முடியற வரிக்கும் மட்டும்" என்றேன்.

என் மனைவி நர்சரிப் பள்ளியில் ஆசிரியை. நாள் முழுவதும் முப்பது பிள்ளைகளோடு பேசிவிட்டு வந்து, மாலையில் தெருவோடு பேசுகிறவள். அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்பதை நான் யோசிக்கவில்லை. ரயில் பொன்னேரி வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரிங்க" என்றாள். அவ்வளவுதான்.

தொழிற்சாலைக் காப்பீட்டில் போட்டால் அலுவலகத்தில் தெரிந்துவிடும் என்று, நான் தனியாக எடுத்து வைத்திருந்த பாலிசியில் வைத்தியம் செய்தோம். விடுப்புக் கடிதத்தில் 'மருத்துவக் காரணம்' என்று மட்டும் எழுதினேன். யாருக்கு என்று எழுதவில்லை. பள்ளியில் அவள் கர்ப்பப்பைக் கோளாறு என்று சொல்லி நீண்ட விடுப்பு எடுத்தாள். எல்லாம் கச்சிதமாக இருந்தது, முடி ஒன்றைத் தவிர.

முதல் மருந்து ஏற்றி மூன்று வாரத்துக்குள் முடி கொட்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கும் என்னிடம் திட்டம் இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்கள் மொட்டையடித்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். திருத்தணி வேண்டுதல் என்றால் தீர்ந்தது. கொட்டுவதற்கு முன்னால் அவளைத் திருத்தணிக்கு அழைத்துப்போய் முடி காணிக்கை கொடுக்க வைத்தேன். அவள் மட்டும் மொட்டை என்றால் சந்தேகம் வரும் என்று நானும் உட்கார்ந்து கொடுத்தேன். இரண்டு மொட்டைத் தலைகளும் சந்தனம் பூசிக்கொண்டு மலை இறங்கினோம்.

"ரெண்டு பேரும் இப்பதான் அண்ணன் தங்கச்சி மாதிரி கீறீங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி வரவேற்றாள் எதிர்வீட்டு அக்கா.

அது வரைக்கும் சரி. ஆனால் மருந்து தொடர்ந்ததால் இரண்டு மாதம் கழித்தும் அவளுக்கு முடி வளரவில்லை. எனக்கு மட்டும் நன்றாக வளர்ந்தது. ஒரே நாளில் கொடுத்த இருவரில் ஒருவருக்கு மட்டும் வளர்ந்தால் என்ன சொல்வது? நான் கவரைப்பேட்டை சலூனில் போய் மறுபடியும் மழித்துக்கொண்டேன். மகளுக்காக இரண்டாவது வேண்டுதல் என்று தெருவில் சொன்னோம். அதற்கடுத்து வீட்டுக்காக மூன்றாவது.

"இன்னாமே, சாமி போதும் போதும்னு சொல்லியும் உங்க ஊட்டுக்காரரு உடமாட்டாரு போலகீதே!" என்று எதிர்வீட்டு அக்கா மனைவியிடம் கேட்டாள்.

"அவருக்கு பக்தி முத்திப்போச்சுக்கா" என்றாள் மனைவி. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். அந்த நாட்கள் அப்படித்தான் இருந்தன.

சலூன்காரரும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்: "சார், இந்த வேண்டுதல் எப்ப முடியும்னு ஏதாவது தேதி கீதா?" முடி தலைகாட்டும்போதெல்லாம் மழித்து, கிட்டத்தட்ட எட்டு மாதம் மொட்டையாக இருந்தேன். கவலையில் சாப்பாடு இறங்காமல் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டேன்.

அந்த எட்டு மாதத்தில் தொழிற்சாலையில் எல்லோரும் என்னிடம் மிக மரியாதையாக நடந்துகொண்டார்கள். இரவு ஷிப்ட் எனக்குப் போடுவதையே நிறுத்தினார்கள். நான் நின்றால் யாராவது ஸ்டூலை எடுத்துப் போட்டார்கள். கேன்டீனில் பரிமாறும் அண்ணன் எல்லோருக்கும் ஒரு முட்டை வைத்தால் எனக்கு இரண்டு வைத்தார். ஆயுத பூஜையன்று, அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒரு லேத் ஆபரேட்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். இருபத்தைந்து வருட உழைப்பை இப்போதாவது உணர்ந்தார்களே என்று நினைத்துக்கொண்டேன். விரிசலைக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று தொழிற்சாலையில் ஒரு பேர் உண்டு.

மொட்டைத் தலை, மெலிந்த உடம்பு, அடிக்கடி சென்னைக்கு விடுப்பு, காரணம் சொல்லாத கடிதம். தொழிற்கூடத்தில் இதைச் சேர்த்துப் பார்க்காதவன் நான் ஒருவன்தான்.

மருந்து, அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்தது. மனைவியின் தலையில் முதலில் பூனை முடி மாதிரி வந்து, பிறகு சுருட்டையாக வளர்ந்தது. ஸ்கேன் தெளிவாக இருக்கிறது என்று சொன்னார்கள். அவள் பள்ளிக்குத் திரும்பினாள். இடது கையில் மட்டும் வீக்கம் வரும், அந்தக் கையால் கனமானது எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். அவளை நான் தண்ணீர்க் குடத்தின் பக்கம் விடவில்லை. கறிவேப்பிலை வாங்கப் போனாலும் பின்னால் போனேன்.

அப்போதுதான் தொழிற்பேட்டைக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஒரு நடைப்பயணம் வைத்தன. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வழியில்லாத தொழிலாளர் குடும்பங்களுக்கு நிதி திரட்ட. தொழிற்பேட்டையின் முகப்பு வளைவிலிருந்து தொடங்கி, உள் சாலைகளில் மூன்று கிலோமீட்டர் சுற்றி, மைதானத்தில் முடியும். எங்கள் மனிதவளப் பிரிவில் உள்ள இளம்பெண் என் மேஜைக்கே வந்துவிட்டாள்.

"சார், நீங்க ஃபேமிலியோட கண்டிப்பா வரணும். நீங்க வந்தாதான் இதுக்கே ஒரு அர்த்தம்."

மனைவியின் விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல சார். எல்லாருக்கும் தெரியும். நீங்களா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு இருந்தோம்" என்றவள் குரலைத் தாழ்த்தி, "எங்க பெரியப்பாவுக்கும் இருந்தது சார்" என்றாள்.

"வெளிய பேச வேணாம். வந்து ஓரமா நடந்துட்டுப் போயிடறோம்" என்றேன். அவள் தலையாட்டினாள். ஆட்டிய விதம் எனக்குச் சரியாகப் படவில்லை.

வீட்டில் சொன்னதும் என் மனைவி செய்துகொண்டிருந்த தாள் பூவைக் கீழே வைத்தாள். "நான் வர்றேன். வந்து, எனக்குத்தான் வந்துச்சு, எனக்குத்தான் சரியாச்சுன்னு ஒரு நாளாவது சொல்லிக்கினு நடக்கணுங்க."

"மாப்ள பையனோட மாமா அங்கதான் இருப்பாரு."

"இருக்கட்டுமே" என்றாள் மகள். "அதுக்கு பயந்துகினு ஓடற ஊட்டுக்கு நான் போய் இன்னா பண்ணப் போறேன்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

"ஆமா, தெரியாது. நீதான் ஊரையே ஏமாத்த மூணு வேண்டுதல் சொல்லி மொட்ட அடிச்சிக்கின ஆளு."

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். குடும்பமாகப் போவது. மற்ற தொழிலாளர் குடும்பங்களைப் போல நடப்பது. எதுவும் சொல்லாமல் திரும்பிவிடுவது. "சரி, நடக்கறதாவது நடக்கறேன்" என்றாள் மனைவி. ஒன்றரை வருடத்தில் அவள் சொன்ன எத்தனையாவது 'சரி' என்று நான் எண்ணவில்லை.

அன்று காலை நான் ஒரு பை தயார் செய்தேன். தண்ணீர் பாட்டில் நான்கு, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, வெப்பமானி, உப்பு சர்க்கரைப் பொட்டலம், குடை, துண்டு, பிஸ்கட், மடக்கு ஸ்டூல், அவளுடைய மருத்துவக் கோப்பு.

"நைனா, ஆக்சிஜன் சிலிண்டர மறந்துட்ட" என்றாள் மகள்.

முகப்பு வளைவுக்குக் கீழே பந்தல் போட்டிருந்தார்கள். இரவு முழுக்க நின்ற கன்டெய்னர் லாரிகளை ஓரம் கட்டியிருந்தார்கள். ஞாயிறு என்றாலும் உருக்காலைகளின் புகை வாசனை இருந்தது. ஆயிரம் பேர் இருக்கலாம், எல்லோருக்கும் வெள்ளை டீ-ஷர்ட். நோயிலிருந்து மீண்டவர்களுக்கு மட்டும் ஊதா. எங்கள் மனிதவளப் பெண் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள். மனைவிக்கும் மகளுக்கும் இரண்டு வெள்ளை கொடுத்தாள். என்னிடம் ஊதாவை நீட்டினாள்.

"சார், எக்ஸ்எல் போட்டிருக்கேன். இப்ப நல்லா உடம்பு தேறிட்டீங்க."

என்ன நடந்திருக்கிறது என்று எனக்குப் புரிவதற்குள் இரண்டு பேர் அதை என் சட்டைக்கு மேலேயே மாட்டிவிட்டார்கள். மேடைக்கு இழுத்துப் போனார்கள். எங்கள் பொது மேலாளர் மாலை போட்டார். "ஒரு நாள்கூட முகத்தில் காட்டாமல் வேலை பார்த்தவர்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். லேத் ஆபரேட்டர் விசில் அடித்தார்.

மேடையிலிருந்து கீழே பார்த்தேன். என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். என் மனைவி கை தட்டிக்கொண்டே, கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். இன்னும் என்னென்ன வேடிக்கை பாக்கி இருக்கிறதோ என்பது போல அவள் தலையை ஆட்டியது எனக்குத் தெரிந்தது. பிறகு மேடையில் வரிசையாக நின்ற ஊதாச் சட்டைக்காரர்களைப் பார்த்தாள். ஏழெட்டுப் பேர், பாதிக்கு மேல் பெண்கள். அவள் கை தட்டுவது நின்றது.

முன்வரிசையில் பையனின் தாய்மாமன் நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தார்கள். அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். உண்மையும் இரண்டு வார்த்தைதான். நான் இரண்டு கையாலும் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "எல்லாருக்கும் நன்றி" என்றேன். இறங்கி வந்துவிட்டேன்.

மகளின் முகத்தில் சிரிப்பு இல்லை. மனைவி நேராக என்னிடம் வந்தாள். என் தோளிலிருந்த பையைக் கழற்றி எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இன்னா பண்ற? குடு."

"நோயாளி நீங்க. நீங்க எப்படி தூக்குவீங்க? நாலு பேர் பாத்தா இன்னா சொல்வாங்க?" என்றாள். "மெதுவா நடங்க. மூச்சு வாங்குச்சுன்னா சொல்லுங்க. உள்ள ஸ்டூல் கீது."

நடை தொடங்கியது. அந்த மூன்று கிலோமீட்டரில் முதல் ஒன்றரை கிலோமீட்டரை என்னால் மறக்க முடியாது. வழியெல்லாம் யார் யாரோ என் தோளைத் தொட்டார்கள். ஒடிசாவிலிருந்து வந்து வேலை பார்க்கும் பையன்கள் என்னோடு செல்ஃபி எடுத்தார்கள். எங்கள் கேன்டீன் அண்ணன் பக்கத்திலேயே நடந்து, வெயில் படாமல் தன் துண்டை என் தலைக்கு மேல் பிடித்தார். பின்னால் இரண்டடி தள்ளி என் மனைவி வந்துகொண்டிருந்தாள். அவளை யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்களும், "அம்மா, உங்க சேவதான் சாரை எழுப்பி உட்கார வெச்சிருக்கு" என்றார்கள். "ஆமாங்க, ரொம்ப கஷ்டப்பட்டோம். நைட்டெல்லாம் தூங்க மாட்டாரு" என்றாள் அவள். அதில் பொய் ஒன்றுமில்லை.

மாமன் வேகமாக நடந்து வந்து என்னோடு சேர்ந்துகொண்டார்.

"சம்பந்தி, இத்த எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே! இப்பதான் அக்காவுக்கு போன் போட்டேன். மொதல்ல திக்குன்னு ஆச்சு அவங்களுக்கு. நான்தான் சொன்னேன், ஆம்பளைக்கு வந்ததுக்கா, பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது, அம்மா நல்லா திடமா கீறாங்கன்னு. சரின்னுட்டாங்க. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க."

அப்பாவுக்கு வந்தால் பெண்ணுக்கு வராது என்று எந்த மருத்துவரும் எனக்குச் சொன்னதில்லை. அவர்கள் தங்களுக்குத் தோதாக அப்படி ஒரு சமாதானம் கண்டுபிடித்திருந்தார்கள். அதனால் என்ன? ஒன்றரை வருடமாக எதற்குப் பயந்தேனோ அது வந்து, தொட்டுவிட்டு, ஒன்றும் செய்யாமல் போய்விட்டது. நான் இந்த ஊதாச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மகள் கல்யாணம் நடந்துவிடும். உண்மையைச் சொல்லுகிறேன், எனக்கு அப்போது கால் லேசாகிவிட்டது. திரும்பி மனைவியைப் பார்த்தேன், கேட்டாயா என்பது போல. அவள் கேட்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. ரயிலில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாளே, அந்த முகம்.

பாதி வழியில் ஒரு தொழிற்சாலைச் சுவரோரம் வேப்பமரத்தடியில் மோர் கொடுத்தார்கள். அங்கே ஏழெட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். "ஊதா சட்டைக்காரங்க மட்டும் உக்காருங்க, மத்தவங்க நின்னு குடிங்க" என்று ஒரு தன்னார்வலப் பெண் கத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மோரையும் கொடுத்தாள்.

என் மனைவி எதிரில் நின்றாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. வலது கையில் மோர் டம்ளர் இருந்ததால் பை இடது கைக்கு மாறியிருந்தது. எந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது என்று எல்லாப் பையையும் இத்தனை நாள் பிடுங்கினேனோ, அந்தக் கையில், ஸ்டூலும் கருவியும் பாட்டில்களும் உள்ள பை. வளையல் சதையில் பதிந்திருந்தது.

நான் எழுந்தேன்.

"சார், நீங்க உக்காருங்க. அம்மா நிப்பாங்க" என்று அந்தப் பெண் என் தோளை அழுத்தினாள்.

"அவங்க நிக்கக் கூடாது" என்றேன். "எனக்கு இல்லம்மா. அவங்களுக்குத்தான்."

"இன்னா சார் சொல்றீங்க?"

"அவங்களுக்குத்தான் வந்துச்சு. மார்புல. ஆபரேஷன் பண்ணிக்கினது அவங்க. எனக்கு ஒண்ணுமே கெடையாது. சும்மா பயந்துகினு மொட்ட அடிச்சிக்கினேன்."

சொன்னது மெதுவாகத்தான். ஆனால் மோர்ப் பாத்திரத்தைச் சுற்றி இருந்த முப்பது பேருக்கும் கேட்டுவிட்டது. மாமனுக்கும். நான் சட்டையைத் தலை வழியாக இழுத்தேன். மாலை சிக்கிக்கொண்டது. ஒரு நிமிடம் ஊதாத் துணிக்குள் குருடனாக நின்றேன். யாரோ மாலையை விடுவித்தார்கள். வெளியே வந்து பார்த்தால் அது என் மகள்.

முதலில் பேசியது கேன்டீன் அண்ணன்தான். துண்டை இன்னும் என் தலைக்கு மேலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப... ஒரு வருசமா நான் வெச்ச ரெண்டாவது முட்ட?"

"தின்னுட்டாருண்ணே" என்றாள் என் மனைவி. "ஒண்ணுகூட ஊட்டுக்கு எடுத்தாரல."

முதலில் லேத் ஆபரேட்டர் சிரித்தார். பிறகு எல்லோரும். அந்தச் சிரிப்பில் அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டைக்கு மேலேயே ஊதாவைப் போட்டுக்கொண்டு, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். எக்ஸ்எல் அவளுக்கு முட்டிவரை வந்தது. இடது கையை மடியில் வைத்து வலது கையால் மெல்ல நீவிவிட்டாள். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "இப்பயாவது சொன்னீங்களே" என்று மட்டும் சொன்னாள். அதில் கேலி எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மாமன் கைப்பேசியை எடுத்தார், பார்த்தார், சட்டைப் பையில் வைத்தார். மறுபடி எடுத்தார். "ஊட்ல பேசிட்டு சொல்றேன் சம்பந்தி" என்றார். சம்பந்தி என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துச் சொன்ன மாதிரி இருந்தது.

"நல்லா பேசிட்டு சொல்லுங்க மாமா. அவசரமே இல்ல" என்றாள் என் மகள். குரல் கேலியாகத்தான் இருந்தது. ஆனால் என் மாலையைப் பிடித்திருந்த கையில் பூக்கள் நசுங்கியிருந்தன. அந்தப் பையனை அவளுக்கும் பிடித்திருந்தது என்பதை நான் மறந்துவிடவில்லை.

இதை எழுதுகிற இன்று வரை ஆர்.கே.பேட்டையிலிருந்து பதில் வரவில்லை. பேருந்து நிறுத்தத்தில் மாமன் வணக்கம் சொல்கிறார். நானும் சொல்கிறேன்.

மீதி ஒன்றரை கிலோமீட்டரை என் மனைவி நடந்தே முடித்தாள். பையோடு நான் பின்னால் போனேன். இரண்டடி இல்லை, இருபது அடி. பக்கத்தில் போக முடியவில்லை. அவளைச் சுற்றி ஊதாச் சட்டைப் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். சோழவரத்திலிருந்து வந்த ஒருத்தி, தையல் வேலை செய்யும் ஒருத்தி, பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்த ஒரு அம்மா. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை ஊசி, நகம் கறுத்ததா, நாக்கு செத்துப்போனதா என்று ஆரம்பித்தவர்கள் மைதானத்துக்கு வந்தும் நிறுத்தவில்லை. பந்தலுக்குள் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். காலை நாஷ்டா பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரிக்காமலேயே பேசினார்கள்.

நானும் மகளும் பந்தலின் கயிற்றோரம் நின்றோம். கூட்டம் கலைந்துவிட்டது. வண்டிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. அவளுடைய மாத்திரை நேரம் தாண்டி அரை மணி ஆகியிருந்தது. பையிலிருந்து மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு அருகில் போனேன். பேச்சு மும்முரத்தில் அவள் என்னைக் கவனிக்கவில்லை.

"நாலாவது ஊசிக்கு முன்னால எனக்கு போதும்னு ஆயிட்ச்சு" என்று அந்தத் தையல்காரப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "இனிமே வரமாட்டேன், என்னா ஆனாலும் ஆவட்டும்னு சொல்லிடலாம்னு படுத்துகினு இருந்தேன். யார்கிட்ட சொல்றது? வெளிய சொல்லக் கூடாது. இவருகிட்ட சொன்னா, இவர தேத்தறதுக்கு நான் ஒரு ஆள தேடணும்."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா. எழுந்து வந்து பாத்தா, வாசல்ல செருப்பெல்லாம் மாட்டிக்கினு, அந்த ஃபைல நெஞ்சோட அணைச்சிக்கினு நின்னுகினு இருக்காரு. ஆறு மணி வண்டிக்கு நாலரைக்கே ரெடி. அந்த மூஞ்சிய பாத்துட்டு வரலன்னு எப்படிச் சொல்றது? சரி வாங்கன்னு கிளம்பிட்டேன்."

பெண்கள் சிரித்தார்கள். தையல்காரப் பெண் சிரிக்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் காலை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் கதவைத் திறந்து வந்து நிற்கும்போது, "லேட் ஆகுது" என்று சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி இறுக்கினேன். அது ஏற்கனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

மகள் பின்னால் வந்து, "கூப்பிடட்டா நைனா?" என்று கேட்டாள்.

"வேணாம். பேசட்டும்" என்றேன்.

பந்தல்காரர்கள் வந்து நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்கள். ஓரத்திலிருந்து அடுக்கிக்கொண்டே வந்தவர்கள், அந்த வட்டத்துக்கு அருகில் வந்ததும் நிறுத்திவிட்டு, அடுக்கியதில் இரண்டை மறுபடி எடுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் எனக்கும் ஒன்றைத் தள்ளிவிட்டார். நானும் அவர்களோடு உட்கார்ந்துகொண்டேன்.